வைரஸ் அடங்கியும் ஏறாத சிடி4: ஒரு விசைத்தறிக் குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஒரே வாரத்தில் எச்.ஐ.வி. தொற்று உறுதியான கணவன், மனைவி. இருவருக்கும் ஒரே கூட்டு மாத்திரை. ஆறாவது மாதச் சோதனையில் இருவர் ரத்தத்திலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு ஒருமுறைகூடத் தலைதூக்கவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து மனைவியின் சிடி4 எண்ணிக்கை, அதாவது எச்.ஐ.வி. அழிக்கும் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் எண்ணிக்கை, 760; கணவருடையது 172. மருந்தில் குறை இல்லை, இருவரும் வேளை தவறியதும் இல்லை. இந்த இடைவெளிக்குக் காரணம் தேடினால், மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில் கணவரின் உடலில் அந்த உயிரணுக்கள் எந்த விதத்தில் செத்தன என்ற கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியமைத்திருக்கிறேன்.

நோயாளிகள்

கணவருக்கு 46 வயது. ஈரோட்டுக்கும் சங்ககிரிக்கும் இடையே, காவிரியை ஒட்டிய விசைத்தறி ஊர்களில் ஒன்றில் சொந்தத் தறிக்கூடம் வைத்திருக்கிறார். மூன்று வாரமாக வறட்டு இருமல், மாலையில் காய்ச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு என்று வந்தார். அதற்கு முன்பே மருந்துக் கடையில் இருமல் மருந்து, பிறகு ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக், அதன் பின் ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் என்று ஒரு சுற்று முடிந்திருந்தது. தறிக்கூடத்தில் இருக்கிறவர் இருமினால் இந்தப் பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பஞ்சுத் தூசி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நுரையீரல் காசநோயும் இப்படித்தான் இங்கே பல மாதங்கள் மறைந்து கிடக்கிறது.

எடை 68 கிலோவிலிருந்து 57-க்கு இறங்கியிருந்தது. எடை குறைந்ததா என்று கேட்டதற்கு அவர் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. கைக்கடிகாரப் பட்டையில் ஆணியால் குத்தியது போல் இரண்டு புதுத் துளைகள் இருந்தன, அதுவே சொல்லிவிட்டது. நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் படிந்தது போல வெள்ளைப் படலம்; கரண்டியால் சுரண்டினால் உரிந்து வந்தது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் கோளாறான ஒலி ஏறக்குறைய ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94 சதவீதம். வராந்தாவில் இரண்டு நடை நடக்கவிட்டு மீண்டும் விரலில் கருவியை மாட்டினேன்: 85. நெஞ்சொலி சுத்தமாக இருந்தும் நடந்தால் ஆக்சிஜன் இப்படிச் சரிகிற இருமலைப் பஞ்சுத் தூசி என்று சொல்ல முடியாது. எக்ஸ்-ரேயில் இரண்டு நுரையீரலின் நடுப்பகுதியிலிருந்தும் புகைபடர்ந்தாற்போல் மங்கல்.

பழைய கதையைக் கிளறியபோது முக்கியமான ஒன்று வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் இடப்பக்க மார்பில் அக்கி வந்திருக்கிறது. குயவர் வீட்டில் காவி கரைத்து அக்கி எழுதியிருக்கிறார்கள். நகரத்து மருத்துவமனை ஒன்றில் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ரத்தம் எடுக்கவில்லை. குயவரைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை நோயோ வேறு காரணமோ இல்லாத 43 வயதுக்காரருக்கு அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்துபார்க்க வேண்டும் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அன்று சோதித்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. சிடி4 எண்ணிக்கை இவ்வளவு தாழ்வதற்கு முன்பே அக்கி எட்டிப்பார்ப்பது வழக்கம்.

ஒப்புதல் பெற்று, ஆலோசனை சொல்லி, சோதித்தோம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் ஒப்புதலையும் ரகசியத்தையும் கட்டாயமாக்கியிருக்கிறது என்பதை அவரிடம் சொன்ன பிறகுதான் கையை நீட்டினார். வெவ்வேறு வகைச் சோதனைகளில் தொற்று உறுதியானது. சிடி4 எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 38. ஆரோக்கியமானவர்களுக்கு இது பொதுவாக 500 முதல் 1,500 வரை இருக்கும்; 200-க்குக் கீழ் போனால் எய்ட்ஸ் நிலை. ஒரு மில்லிலிட்டரில் நான்கு லட்சத்துக்கு மேல் வைரஸ். சளியில் காசநோய்க் கிருமி இல்லை, ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையின் தடயமும் இல்லை. நுரையீரலில் இருந்தது நிமோசிஸ்டிஸ் நிமோனியா, எதிர்ப்புச் சக்தி குலைந்தவர்களைத் தாக்கும் பூஞ்சை நோய். 1981 ஜூன் 5-ஆம் தேதி அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் வார இதழ் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நிமோனியாவைப் பற்றி எழுதியதே, அதே நோய். எய்ட்ஸை உலகம் முதலில் அறிந்துகொண்டது அதன் வழியாகத்தான்.

மனைவிக்கு 39 வயது. எந்தத் தொந்தரவும் இல்லை. கணவரின் முடிவு வந்த பிறகு சோதித்ததில் தொற்று உறுதியானது; சிடி4 512, வைரஸ் சுமார் இருபதாயிரம். முந்தைய ஆண்டு ஒரு வாரம் கடும் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்பும் வந்ததாகவும், டெங்கு என்று நினைத்ததாகவும் சொன்னார். அவருக்குத் தொற்று ஏற்பட்ட காலம் அதுவாக இருக்கலாம். பிள்ளைகள் இருவருக்கும் தொற்று இல்லை.

எப்படி வந்தது என்று உறவுக்காரர் ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார். அவருக்குச் சொல்லாததை இங்கேயும் சொல்லப் போவதில்லை. அணு ஏன் சாகிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பு கிடையாது. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். இந்த வட்டாரத்தில் எச்.ஐ.வி. என்றாலே நாமக்கல், சங்ககிரி, லாரி என்று பேசும் பழக்கம் பல ஆண்டுகளாக ஊறிக் கிடக்கிறது. அந்தப் பேச்சு லாரிக்காரர்களை அவமானப்படுத்தியது ஒருபுறம் இருக்க, தறிக்காரரையும் பனியன் கம்பெனிக்காரரையும் தோட்டக்காரரையும் ‘நமக்கு வராது’ என்று நிம்மதியாகத் தூங்கவும் வைத்தது.

சிகிச்சை

நிமோனியாவுக்கு அதிக அளவு கோட்ரைமாக்சசோல் 21 நாள், ஆக்சிஜன் தாழ்வுக்காகக் கூடவே ஸ்டீராய்டு. இரண்டாவது வார முடிவில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ரவிர் மூன்றும் சேர்ந்த அன்றாடக் கூட்டு மாத்திரை. எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இது இலவசம். பக்கத்திலேயே மையம் இருந்தும் அடுத்த மாவட்டத்து மையத்தில் பதிவு செய்துகொண்டார். பங்காளிகள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம். மாத்திரை டப்பாவைத் தறிக்கூடத்தில் தார்க்குச்சிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தார். இரவு தறி நிறுத்தியதும் அங்கேயே ஒன்று விழுங்கிவிட்டு, மனைவிக்கான ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

எண்ணிக்கை அவருக்கு 38-லிருந்து ஆறு மாதத்தில் 96, ஓராண்டில் 131, இரண்டாம் ஆண்டில் 158, மூன்றாம் ஆண்டில் 172. மனைவிக்கு 512-லிருந்து 640, 715, 760.

மூன்றாம் ஆண்டு அறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு மனைவிதான் கேட்டார்: “ஏனுங்க டாக்டர், ரெண்டு பேருக்கும் வைரஸ் இல்லை என்கிறீர்கள். ஒரே மாத்திரை. அப்புறம் இவருக்கு மட்டும் ஏன் ஏறவில்லைங்க?”

அணுக்களைக் கொன்றது எது?

எதிர்ப்பு அமைப்பை ஒருங்கிணைக்கும் உதவி டி அணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி4 புரதத்தை எச்.ஐ.வி. தன் ஜி.பி.120 புரதத்தால் பற்றுகிறது. பிறகு சிசிஆர்5 அல்லது சிஎக்ஸ்சிஆர்4 என்ற இன்னொரு புரதத்தையும் பிடித்தால்தான் உள்ளே நுழைய முடியும். நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அதை அணுவின் மரபுத்தொகுதியில் செருகி, அங்கிருந்து புதிய வைரஸ்களை உற்பத்தி செய்கிறது. இப்படிப் பெருகிய வைரஸ் வெளியேறும்போது அணு அழிகிறது என்று பாடப்புத்தகம் முடித்துவிடும். நாங்களும் அப்படித்தான் படித்தோம்.

கணக்குப் போட்டால் இது உதைக்கிறது. நோயாளியின் ரத்தத்தில் உள்ள சிடி4 அணுக்களில் உண்மையிலேயே வைரஸ் உற்பத்தி செய்துகொண்டிருப்பவை பெரும்பாலும் நூற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. ஆனால் அழிவது பத்தில் ஒன்பது. உற்பத்தி செய்யும் அணு மட்டும்தான் சாகிறது என்றால் மற்றவை எங்கே போயின?

1995-இல் டேவிட் ஹோவின் குழுவும் ஜார்ஜ் ஷாவின் குழுவும் புதிய மருந்துகளைக் கொடுத்து, வைரஸ் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று அளந்தார்கள். வைரஸ் உற்பத்தி செய்யும் அணு ஒன்று சுமார் இரண்டு நாள்தான் உயிர்வாழ்கிறது என்றும், நோயாளியின் உடலில் நாள்தோறும் ஆயிரம் கோடி அளவில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன என்றும் அந்த அளவீடுகளும் அடுத்த ஆண்டு வந்த கணக்கீடுகளும் காட்டின. நோயாளிக்கு ஒன்றும் தெரியாமல் தறி ஓட்டிக்கொண்டிருக்கும் அந்த எட்டு, பத்து ஆண்டுகளிலும் உள்ளே சும்மா எதுவும் கிடக்கவில்லை என்பது அப்போது தெளிவானது. ஆனால் எண்ணிக்கைப் புதிர் அப்படியே இருந்தது.

வைரஸ் உற்பத்தி செய்யும் அணு சாவதற்குப் பல வழிகள் உண்டு. வைரஸின் டி.என்.ஏ. மரபுத்தொகுதியில் செருகப்படும்போது நேரும் வெட்டை அணுவின் சேதம் கண்காணிக்கும் நொதி உணர்ந்து தற்கொலைக்கு உத்தரவிடலாம். வைரஸின் புரோட்டியேஸ் நொதி அணுவின் சொந்தப் புரதங்களையே வெட்டலாம். சிடி8 கொல்லி அணுக்கள் வந்து முடித்துவைக்கலாம். இவற்றில் பெரும்பாலும் நடப்பது அபோப்டோசிஸ்: அணு சுருங்கி, துண்டு துண்டாகி, அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் விழுங்கப்பட்டுவிடும்.

மற்ற அணுக்களின் கதையை வெளிக்கொண்டுவந்தவர்கள் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தைச் சேர்ந்த கிலாட் டாய்ட்ஷ், வார்னர் கிரீன் குழுவினர். அவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தத்தை அல்ல. அறுவைச் சிகிச்சையில் அகற்றிய மனித டான்சில் திசுவை. இந்தத் தேர்வுதான் முக்கியம். உடலின் லிம்போசைட்களில் ரத்தத்தில் ஓடுவது சுமார் 2 சதவீதம்தான். மீதி எல்லாம் நிணநீர் முடிச்சு, டான்சில், மண்ணீரல், குடல்சுவர் ஆகிய இடங்களில் இருக்கின்றன. எச்.ஐ.வி.யின் வேலையும் அங்கேதான் நடக்கிறது. நாம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவது அந்த 2 சதவீதத்தை.

2010-இலும் 2014-இலும் வெளியான அவர்களது கட்டுரைகளின்படி, டான்சில் திசுவில் செத்த சிடி4 அணுக்களில் சுமார் 95 சதவீதம் வைரஸ் உற்பத்தி செய்தவை அல்ல. அவை ஓய்வில் இருந்த அணுக்கள். வைரஸ் அவற்றுக்குள் நுழைந்திருக்கிறது, டி.என்.ஏ. படியெடுக்கத் தொடங்கியும் இருக்கிறது. ஆனால் ஓய்விலுள்ள அணுவில் டி.என்.ஏ. கட்டத் தேவையான மூலப்பொருள் மிகக் குறைவு. எஸ்.ஏ.எம்.எச்.டி.1 என்ற புரதம் அதைக் குறைத்தே வைத்திருக்கும். படியெடுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அணுவின் உட்கூழில் அரைகுறை டி.என்.ஏ. துண்டுகள் சேர்கின்றன.

வைரஸின் கண்ணோட்டத்தில் இது படுதோல்வி. இந்த அணுவிலிருந்து அதற்கு ஒரு வாரிசுகூடக் கிடைக்கப் போவதில்லை. அணு அதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஆனால் இருக்கக் கூடாத இடத்தில் டி.என்.ஏ. கிடப்பதை ஐ.எஃப்.ஐ.16 என்ற உணர்புரதம் கண்டுகொள்கிறது. காஸ்பேஸ்-1 என்ற நொதி முடுக்கிவிடப்படுகிறது. அணு உப்பி, சவ்வில் துளை விழுந்து, வெடித்து, உள்ளே இருந்த எல்லாவற்றையும் சுற்றுப்புறத்தில் கொட்டுகிறது. பைரோப்டோசிஸ் என்பது இந்த வகைச் சாவு. கொட்டியவற்றில் இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சித் தூண்டியும் உண்டு. அது புதிய சிடி4 அணுக்களை அந்த இடத்துக்கு இழுக்கிறது. இழுக்கப்பட்டவைக்குள்ளும் வைரஸ் நுழைகிறது, அவற்றிலும் படியெடுப்பு பாதியில் நிற்கிறது, அவையும் வெடிக்கின்றன. சாவே அடுத்த சாவுக்கு ஆள் சேர்க்கிறது.

ஆகவே பெரும்பாலான சிடி4 அணுக்கள் வைரஸ் வென்றதால் சாகவில்லை; அது தோற்ற இடத்தில், நம் உடலின் சொந்த அபாய எச்சரிக்கை அமைப்பால் சாகின்றன. இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. அணுவுக்கு வெளியே தனியாக மிதக்கும் வைரஸ் இந்த வெடிப்பைத் தூண்டுவதில்லை; தொற்றிய அணு பக்கத்து அணுவை ஒட்டி நின்று நேரடியாகக் கைமாற்றும்போதுதான் தூண்டுகிறது என்று 2015-இல் அதே குழு காட்டியது. ரத்தத்திலிருந்து எடுத்த சிடி4 அணுக்கள் இந்தச் சாவுக்கு எளிதில் ஆளாவதில்லை என்பதும் அதே ஆண்டில் தெரிந்தது. நிணநீர்த் திசுவில் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால் அங்கேதான் அழிவு உச்சம். ரத்தக்குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி இத்தனை ஆண்டுகள் இதைத் தவறவிட்டதற்குக் காரணமும் அதுவே.

எல்லாவற்றையும் ஐ.எஃப்.ஐ.16 தலையில் கட்டிவிட முடியாது. 2021-இல் வந்த வேறொரு குழுவின் ஆய்வு, கார்டு8 என்ற இன்னொரு உணர்புரதம் அணுவுக்குள் வைரஸின் புரோட்டியேஸ் நொதி வேலை செய்வதை உணர்ந்து இதே காஸ்பேஸ்-1 வழியைத் திறந்துவிடுவதைக் காட்டியது. எந்த உணரிக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. வெடித்துச் சாகிறது என்பதில் பெரிய சண்டை இல்லை.

அழற்சிதான் அழிவைப் பெருக்குகிறது என்ற கருத்துக்கு வெளியிலிருந்து ஒரு நல்ல சாட்சி உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் சூட்டி மாங்கபே குரங்குகளில் எச்.ஐ.வி.க்கு உறவான எஸ்.ஐ.வி. வைரஸ் இயல்பாகவே இருக்கிறது. அவற்றின் ரத்தத்தில் வைரஸ் அளவு மிக அதிகம். ஆனாலும் பெரும்பாலானவற்றுக்கு எய்ட்ஸ் வருவதில்லை. நீடித்த அழற்சி அவற்றிடம் இல்லை. அதே குடும்ப வைரஸ் ஆசிய ரீசஸ் குரங்குக்குப் போனால் அழற்சி பற்றிக்கொள்கிறது, குரங்கு செத்துப்போகிறது.

குடலில் முதல் சில வாரங்கள்

இந்தத் தம்பதியிடம் நேரடியாகப் பார்க்க முடியாமல்போன கட்டம் ஒன்று உண்டு. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் பெரிய இழப்பு குடல்சுவரில் நடக்கிறது. நினைவாற்றல் கொண்ட, சிசிஆர்5 தாங்கிய சிடி4 அணுக்கள் அங்கே குவிந்திருக்கின்றன. 2004, 2005-இல் மனிதரிலும் குரங்குகளிலும் நடந்த ஆய்வுகள், இவற்றில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களிலேயே காலியாகிவிடுவதைக் காட்டின. ரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு இறங்கி மீண்டும் ஏறும். நோயாளி காய்ச்சல் விட்டது என்று வேலைக்குப் போய்விடுவார். குடல்சுவரின் காவல் தளர்ந்ததால் அங்குள்ள பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் கசியத் தொடங்குகின்றன. 2006-இல் டேனியல் டவுக்கின் குழு இதை அளந்து காட்டியது. கசிவு அழற்சியை மூட்டுகிறது. அழற்சி ஓய்விலுள்ள அணுக்களை எழுப்பி வைரஸுக்குப் புதிய விளைநிலம் தருகிறது. மனைவியின் ‘டெங்கு’க் காய்ச்சல் வந்த அந்த வாரத்தில் அவர் குடலில் இதுதான் நடந்திருக்கும். ஆனால் அவருக்கு அதன் பிறகு ஓராண்டு அளவிலேயே மருந்து கிடைத்துவிட்டது.

கணவருக்கு ஏன் ஏறவில்லை?

முதலில் வழக்கமான காரணங்களை ஒதுக்கினோம். மாத்திரை தவறியதா? வைரஸ் அளவு ஒவ்வொரு முறையும் கண்டறிய முடியாத நிலையில்தான் இருந்தது. மறைந்திருக்கும் காசநோயா? ஸ்கேன், சளி, எல்லாம் பார்த்தாயிற்று. மஜ்ஜையை அடக்கும் வேறு மருந்தா? கோட்ரைமாக்சசோல் தவிர வேறு இல்லை. மற்ற ரத்த அணுக்கள் சரியாக இருந்தன.

மருத்துவம் படிக்கும் ஒருவர் இங்கே ஒரு சந்தேகம் எழுப்பினார், நல்ல சந்தேகம். டான்சில் சோதனைகளில் வைரஸ் நுழைவதைத் தடுக்கும் மருந்தும் படியெடுப்பைத் தொடக்கத்திலேயே தடுக்கும் மருந்தும் அணுச்சாவை நிறுத்தின. செருகலைத் தடுக்கும் மருந்து நிறுத்தவில்லை. இவர் விழுங்கும் டோலுடெக்ரவிர் செருகலைத் தடுப்பதுதானே? அப்படியானால் வெடிப்பு தொடருமா? தொடராது. அந்தச் சோதனையில் வைரஸ் உற்பத்தி செய்யும் அணுக்கள் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தன. உடலில், செருகலைத் தடுத்தால் புதிய உற்பத்தி அணுக்கள் உருவாவதில்லை. பழையவை ஓரிரு நாளில் செத்துத் தீர்கின்றன. கைமாற்ற ஆள் இல்லாமல் போகிறது. மேலும் அதே மாத்திரையில் படியெடுப்பைத் தடுக்கும் இரண்டு மருந்துகளும் புதிய உற்பத்தி அணுக்கள் உருவாகாமல் பார்த்துக்கொள்கின்றன.

எஞ்சிய விளக்கம் நிணநீர் முடிச்சுகளில் இருக்கிறது. அவற்றுக்குள் ஒரு வலைப்பின்னல் உண்டு. டி அணுக்கள் அதன்மேல் ஊர்ந்து, அங்குள்ள அணுக்கள் தரும் இன்டர்லூகின்-7 என்ற புரதத்தைப் பெற்று உயிர்வாழ்கின்றன. ஆண்டுக்கணக்கில் வெடிப்பும் அழற்சியும் நடந்த இடத்தில் அந்த வலை தழும்பாகிவிடுகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டிமோதி ஷாக்கரும் சகாக்களும் நோயாளிகளின் முடிச்சுகளைத் திசுப்பரிசோதனை செய்து, தழும்பின் நாரான கொலாஜன் எவ்வளவு படிந்திருக்கிறதோ அவ்வளவுக்கு மருந்துக்குப் பின் சிடி4 ஏறுவது குறைகிறது என்று கண்டார்கள். தழும்பு வைரஸால் ஏற்பட்டது. ஆனால் வைரஸ் போனால் தழும்பு போய்விடுவதில்லை. இதோடு, புதிய டி அணுக்களை உருவாக்கும் தைமஸ் சுரப்பி 46 வயதில் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

இவருடைய முடிச்சை நாங்கள் அறுத்துப் பார்க்கவில்லை. சிகிச்சையை மாற்றப்போவதில்லை என்னும்போது அதற்கு நியாயம் இல்லை. அதனால் இது இவரைப் பொறுத்தவரை ஊகம்தான், ஆனால் எல்லா விவரத்தோடும் ஒத்துப்போகிற ஊகம். 200-க்கும் கீழே வந்து மருந்து தொடங்கியவர்களில் இந்த நிலை அதிகம். வைரஸ் அடங்கியும் எண்ணிக்கை போதுமான அளவு ஏறாதவர்கள், எந்த வரையறையை எடுத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்து, 10 முதல் 40 சதவீதம் வரை இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

இதை நான் விளக்கி முடித்ததும் அதுவரை பேசாதிருந்த கணவர் சொன்னார்: “பாவு நூல் வருகிறது, தறிதான் பழுது. அப்படித்தானுங்களா டாக்டர்?” அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

மனைவியின் முடிச்சுகளுக்குப் பழுதாக நேரம் கிடைக்கவில்லை. 2015-இல் முடிவு வெளியான ஸ்டார்ட் ஆய்வு 35 நாடுகளில் 4,685 பேரை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் சிடி4 500-க்கு மேல். உடனே மருந்து தொடங்கிய பாதிப் பேருக்கு, காத்திருந்த மறுபாதியைவிட எய்ட்ஸ் நோய்களும் மற்ற கடும் நோய்களும் மரணமும் சேர்த்து 57 சதவீதம் குறைந்தன. இந்தியா 2017-இலிருந்து எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் உடனே மருந்து என்ற கொள்கைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்றால், 512 என்ற எண்ணைப் பார்த்து ‘இன்னும் குறையட்டும், பிறகு வாருங்கள்’ என்று இந்த அம்மணியையும் அனுப்பியிருப்பார்கள்.

எண்ணிக்கையை ஏற்ற வழி உண்டா?

இரண்டாம் ஆண்டில் கணவர் யாரோ சொன்னார்கள் என்று ‘எதிர்ப்புச் சக்தி’ப் பொடி ஒன்றையும் இரும்புச் சத்து டானிக் ஒன்றையும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். பொடியைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவும் இல்லை. டானிக்தான் கவலை தந்தது. இரும்பும் கால்சியமும் வயிற்றில் டோலுடெக்ரவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. வெறும் வயிற்றில் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்தின் கணிசமான பகுதி வீணாகும். நல்லவேளையாக அவர் டானிக்கைக் காலையிலும் மாத்திரையை இரவிலும் எடுத்துவந்தார். அந்த இடைவெளி அவர் வைரஸைக் காப்பாற்றாமல் அவரைக் காப்பாற்றியது.

எண்ணிக்கையை ஏற்றும் ஊசியும் முயன்று பார்க்கப்பட்டதுதான். டி அணுக்களைப் பெருகவைக்கும் இன்டர்லூகின்-2 கொடுத்த எஸ்பிரிட், சில்காட் ஆகிய இரு பெரிய ஆய்வுகளின் முடிவு 2009-இல் வந்தது. ஊசி போட்டவர்களுக்குச் சிடி4 எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. நோயும் மரணமும் குறையவில்லை. எண் ஏறினால் பாதுகாப்பு ஏறிவிடும் என்ற எளிய நம்பிக்கைக்கு அது சரியான அடி. காஸ்பேஸ்-1-ஐத் தடுக்கும் வி.எக்ஸ்-765 என்ற மருந்து, முன்பு வலிப்பு நோய்க்காக மனிதரிடம் சோதிக்கப்பட்டது, திசுவில் சிடி4 அணுக்களின் வெடிப்பைத் தடுத்தது. இன்று எச்.ஐ.வி. சிகிச்சையில் அதற்கு இடம் இல்லை. எழுதிக் கொடுக்கவும் முடியாது. மாத்திரையை மாற்றுவதோ நான்காவது மருந்தைச் சேர்ப்பதோ ஏறாத எண்ணிக்கையை ஏற்றுவதில்லை என்பதால், அதையும் செய்யவில்லை.

தற்போதைய நிலை

கணவர் 66 கிலோ இருக்கிறார், தறி ஓட்டுகிறார். எண்ணிக்கை 200-க்குக் கீழேயே இருப்பதால் கோட்ரைமாக்சசோல் தடுப்பு மாத்திரையை நிறுத்தவில்லை. காசநோய்த் தடுப்பு மருந்து ஒரு சுற்று முடித்தாயிற்று. ஹெபடைடிஸ் பி, நிமோகாக்கஸ் தடுப்பூசிகள் போட்டிருக்கிறோம். உயிருள்ள நுண்ணுயிர் கொண்ட தடுப்பூசிகளை இந்த எண்ணிக்கையில் தவிர்க்கிறோம். நீடித்த அழற்சி இதய நாளங்களையும் விட்டுவைக்காது என்பதால் பீடியை நிறுத்தச் சொன்னேன். அதில் பாதிதான் நடந்திருக்கிறது. இருமல் ஒரு வாரத்தைத் தாண்டினால் மருந்துக் கடைக்குப் போகாமல் நேராக வர வேண்டும் என்பது எனக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம். சென்ற ஐப்பசியில் அப்படி ஒருமுறை வந்தார். எக்ஸ்-ரேயும் சளியும் பார்த்தோம், நடக்கவிட்டு ஆக்சிஜனும் பார்த்தோம், 97-லிருந்து இறங்கவில்லை. அது பஞ்சுத் தூசியேதான்.

மனைவிக்கு இனிச் சிடி4 எண்ணுவதை நிறுத்தி, வைரஸ் அளவை மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிறோம்.